நின்ற குதிரைகள்

ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த மதிலுக்கும் கடப்பாக்கத்துக் கழிமுகத்துக்கும் நடுவே கிடக்கும் மணல்வெளியில், வெயில் தாழ்ந்த வேளையில், இரண்டு பெட்டைக் குதிரைகளைக் கயிற்றில் பிடித்தபடி ஒரு மனிதர் நிதானமாக நடந்து போவதைப் பல வருஷங்கள் பார்த்து வந்தவன் நான். ஒன்று செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. மற்றொன்று சாம்பல் பூத்த வெள்ளை. ஊரார் அவரைப் பாய் என்றே அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன். கலியாணங்களில் மாப்பிள்ளையைச் சுமப்பதும், சந்தனக்கூட்டு ஊர்வலத்தில் முன்னே நடப்பதும், கோயில் திருவிழாக்களில் மேளத்துக்கும் வாணத்துக்கும் மிரளாமல் நிற்பதுமாக அந்த இரண்டு பிராணிகளும் ஒரு குடும்பத்துக்கு ஜீவனம் அளித்து வந்தன. பொங்கல் வாரத்தில் மட்டும் அவற்றைச் சிறிய லாரியில் ஏற்றி மாமல்லபுரம் கொண்டு போவார். கடற்கரையில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றி வருவதில் அந்த நான்கு நாள்களில் கிடைக்கும் பணமே, பிறகு வரும் பல மாதங்களுக்குக் கொள்ளும் தவிடும் புல்லுமாக மாறும்.

2008-ஆம் ஆண்டு மார்கழியில் ஒரு காலைப்பொழுது அவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "வாத்தியார் ஐயா, குதிரைக்கு ஏதோ சீக்கு பரவுதுன்னு பேப்பர்ல போட்டிருக்காங்களாமே, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். படித்துச் சொன்னேன். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், வைஷ்ணவ தேவி கோயிலுக்கு மலையேறும் யாத்திரிகர்களின் அடிவார ஊராகிய ஜம்முவின் கட்ராவில், யாத்திரிகர்களைச் சுமக்கும் மட்டக் குதிரைகளிடமும் கோவேறு கழுதைகளிடமும் தோன்றிய, ஏறத்தாழ இருபது ஆண்டு இடைவெளிக்குப் பின் இந்தியாவுக்குத் திரும்பி வந்த குதிரைச் சளிக்காய்ச்சல், மாகாணம் மாகாணமாக இறங்கித் தெற்கே மைசூர்ப் பந்தயக் குதிரைகள் வரைக்கும் வந்துவிட்டது என்ற செய்தியைக் கேட்டு முடித்ததும், அவர் கேட்ட முதற் கேள்வி, சாகுமா என்பதன்று; மைசூரிலிருந்து இங்கே எத்தனை மைல் என்பதுதான்.

அந்தக் கேள்வியின் பொருத்தத்தை நான் பிற்பாடுதான் உணர்ந்தேன். இந்தக் காய்ச்சலை உண்டாக்கும் வைரசுக்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. குதிரையின் இருமலே அதற்கு வாகனம். நோயுற்ற குதிரை இருமும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் வெகுதூரம் பரந்து பக்கத்து லாயத்தை எட்டும். அதற்கும் அப்பால் போக வேண்டுமானால் பொதுத் தண்ணீர்த் தொட்டி போதும், மாற்றிப் போட்ட கடிவாளம் போதும், ஒரு குதிரையின் மூக்கைத் துடைத்துவிட்டு மற்றொன்றின் முகத்தை அன்போடு தடவிக்கொடுத்த கை போதும். தொற்றிய ஒன்றிரண்டு நாள்களிலேயே, இயல்பாக 100 டிகிரியை ஒட்டி நிற்கும் உடற்சூடு 105, 106 வரை ஏறிவிடும். வறட்டு இருமல் தொடங்கும். மூக்கில் நீர் வழியும். கொள்ளைக் கண்டால் காலைத் தட்டும் பிராணி, வைத்த வாளியை முகர்ந்துகூடப் பாராமல் தலை தொங்கி நிற்கும்.

கால்நடை மருத்துவர் ஒருவரைப் பாய் போய்ப் பார்த்தார். நானும் உடன் போயிருந்தேன். பொறுமையும் பரிவும் உள்ள மனிதர். இந்தக் காய்ச்சலால் வளர்ந்த குதிரை சாவது அபூர்வம் என்றும், குட்டிகளுக்கும் கழுதைகளுக்குமே ஆபத்து அதிகம் என்றும் விளக்கிவிட்டு, மிகவும் அழுத்தமாக அவர் சொன்னது வேறொரு விஷயம்: காய்ச்சல் அடித்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் ஓய்வு தர வேண்டும், காய்ச்சல் சீக்கிரம் விட்டாலும் மூன்று வாரங்களுக்குக் குறைவாக வேலை வாங்கவே கூடாது, வைரசு அரித்துவிட்ட மூச்சுக்குழலின் உட்சவ்வு மறுபடி வளர அவ்வளவு காலம் பிடிக்கும், அதற்குள் ஓடவிட்டால் நுரையீரலில் சீழ் பிடித்து, சாகாத வியாதியில் குதிரை செத்துப் போகும்.

திரும்பி வரும் வழியெல்லாம் பாய் பேசவில்லை. ஊர் எல்லை வந்ததும்தான் சொன்னார்: "சீக்குக்கு ஊசி இருக்குது, மருந்து இருக்குதுன்னு டாக்டர் சொல்றாரு, ஐயா. சும்மா நிக்கற நாளுக்குக் கொள்ளு யாரு போடுவாங்க?"

எத்தனையோ பேர் எழுதியதைப் படித்திருக்கிறேன். தொற்றுநோயின் இருதயத்தை இவ்வளவு சுருக்கமாகத் தொட்ட வாக்கியம் வேறொன்று என் ஞாபகத்தில் இல்லை. பந்தயக் குதிரையின் சொந்தக்காரருக்கு ஓய்வு என்பது நஷ்டம். கூலிக்கு ஓடும் குதிரையின் சொந்தக்காரருக்கு ஓய்வு என்பது பட்டினி. கட்ராவின் மலைப்பாதையில் இருமிக்கொண்டே யாத்திரிகரைச் சுமந்த கோவேறு கழுதைகளின் உடையவர்களை நெஞ்சில் ஈரமற்றவர்கள் என்று சொல்ல எனக்கு நா எழாது. அன்றைய கூலியில் அன்றே தீனி வாங்குபவன் பிராணியை நிறுத்தி வைத்தால் இரண்டு வயிறுகள் சேர்ந்து காயும்.

இந்தக் காய்ச்சலால் குதிரைகள் நின்ற கதை புதிதன்று. 1872-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் கனடாவின் டொரான்டோ நகரத்தருகே தொடங்கி வட அமெரிக்கா முழுவதும் பரவிய குதிரைக் காய்ச்சலில், வண்டிகளும் டிராம்களும் ஓடாமல் பெரிய பெரிய நகரங்கள் ஸ்தம்பித்தன. அவ்வாண்டு நவம்பர் 9 அன்று பாஸ்டன் நகரம் தீப்பிடித்தபோது, தீயணைக்கும் எந்திரங்களை இழுக்கத் திடமான குதிரைகள் இல்லாமல் மனிதர்களே கயிறு பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்கள். 2007 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவில் அதே வியாதி நுழைந்து 70,000-க்கு மேற்பட்ட குதிரைகளைப் பற்றியது. ஆனால் எந்தக் குதிரையும் இருக்கும் இடத்தைவிட்டு நகரக் கூடாது என்று அந்த அரசாங்கம் ஒரே மூச்சில் ஆணையிட்டு, நகர முடியாமல் வருமானமிழந்தோருக்கு உதவித்தொகையும் கொடுத்து, அவ்வாண்டு முடிவதற்குள் நோயைத் துடைத்தெறிந்தது. நிறுத்திய கையே தீனியும் கொடுத்ததால் அந்த நிறுத்தம் நிறைவேறிற்று என்பது என் துணிபு.

நம் நாட்டிலும் 2009-ஆம் ஆண்டில் கால்நடைத் தொற்றுநோய்களைத் தடுப்பதற்கென்று பாராளுமன்றத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சந்தேகத்துக்குரிய நோய் கண்டால் ஊர் அதிகாரியிடமோ பஞ்சாயத்திடமோ தெரிவிப்பதும், நோயுற்றதைப் பிரித்துக் கட்டுவதும் உடையவரின் கடமை என்று அது விதிக்கிறது. குதிரைச் சளிக்காய்ச்சலும் அதன் பட்டியலில் உண்டு. கடமை நியாயமானதே. ஆனால் அதைச் சொல்லும் வாயே, பிரித்துக் கட்டிய நாள்களின் கொள்ளுக்கும் புல்லுக்கும் ஊர்தோறும் ஓர் ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். இல்லையேல், தெரிவிக்க வேண்டிய வாய் பயத்தினால் மூடிக்கொள்ளும். மூடிய வாயின் பின்னால் இருமல் பரவும்.

இந்தக் கடற்கரைக்கும் குதிரைக்கும் உள்ள உறவு பழையது. கடல் வழியே வந்து இறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு தேசத்துத் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்ததையும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அவற்றில் பெரும்பாலானவை ஆண்டு திரும்புவதற்குள் மாண்டதையும் எழுதி வைத்திருக்கிறார். லாடமடிப்பவர்களை வியாபாரிகள் இங்கே வரவிடவில்லையாம். செத்தால்தானே மறு வருஷம் விற்க முடியும்! அதைப் படித்த நாளிலிருந்து, நம் மண்ணில் நிற்கும் எந்தக் குதிரையைக் கண்டாலும் அதற்கு நாம் பட்ட பழங்கடன் ஒன்று என் மனத்தில் உறுத்தும்.

புதுக்கடனும் உண்டு. மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் சமூகத்தாரின் கூட்டுறவுச் சங்கம் பாம்பின் விஷத்தை எடுத்துக் கொடுத்து வருகிறது. அந்த விஷம் மருந்துச்சாலைகளுக்குப் போய், மிகச் சிறு அளவுகளாகக் குதிரையின் உடலில் ஏற்றப்படுகிறது. அதன் இரத்தத்தில் ஊறும் எதிர்ப்புச் சக்தியே பிரித்தெடுக்கப்பட்டு, வயலில் பாம்பு தீண்டிக் கிடக்கும் மனிதனின் நரம்பில் மருந்தாக இறங்குகிறது. எங்கள் ஊரில் கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களை நான் அறிவேன். பெயர் தெரியாத ஏதோ ஒரு குதிரை தாங்கிய விஷத்தால் அவர்கள் இன்றும் நாற்று நடுகிறார்கள்.

அந்த மார்கழி கழிந்து தை பிறந்தது. காணும் பொங்கலுக்கு மாமல்லபுரத்தில் பல ஊர்க் குதிரைகள் சேரும். எது எங்கிருந்து வந்தது, எந்தத் தொட்டியில் குடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பாயின் குதிரைகளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. எந்த அதிகாரியும் தடுக்கவில்லை. இருந்தும் அவர் போகவில்லை. மரக்காணம் பக்கத்துக் கலியாணம் ஒன்றையும், அங்கே வேறொரு குதிரை வருகிறது என்று கேள்விப்பட்டு, வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து விட்டுவிட்டார். கடைத்தெருவில் கொள்ளைக் கடனாக எடுத்தார். அவருடைய மச்சான் மட்டும், வீட்டில் ஒரு பெண்ணின் கலியாணம் நெருங்கியதால், தன் ஒற்றைக் குதிரையை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். பாய் தடுக்கவில்லை, தடுக்கும் உரிமை தமக்கு இல்லை என்றார்.

காணும் பொங்கலன்று பகல் முழுவதும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் வடக்கு நோக்கி விரைந்தவண்ணம் இருந்தன. நான் போய்ப் பார்த்தபோது பாய், தென்னந்தோப்பின் கோடியில், தம் லாயத்துக்கு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில், நான்கு சவுக்குக் கழிகளை நட்டுக் கீற்று வேய்ந்து கொண்டிருந்தார். பக்கத்தில் புதிய வாளி ஒன்றும், ஒரு கட்டுப் புல்லும் இருந்தன.

இரவு ஒன்பது மணிக்கு மேல் லாரி வந்து நின்றது. இறங்கி வந்த மச்சானைப் பாய் பாதி வழியிலேயே நிறுத்தினார். "அதைத் தோப்புக் கோடியில கட்டு மச்சான். பதினஞ்சு நாள் அங்கேயே நிக்கட்டும், தீனி நான் போடறேன். நீ குளிச்சுத் துணி மாத்தாம இந்தப் பக்கம் வராதே" என்றார். மச்சான் மறுத்துப் பேசவில்லை. இருட்டில் அந்தக் குதிரை தன் தோழிகளின் வாசனையை உணர்ந்து கனைத்தது. லாயத்திலிருந்து இரண்டும் பதில் கனைத்தன. பாய் லாந்தரைத் தூக்கிக்கொண்டு, ஊறவைத்த கொள்ளை அளந்து புது வாளியில் கொட்டினார்.