புற்றும் குழியும்

மண்ணை நம்பி வாழும் பூச்சிகள் பல. அவற்றுள் கறையானும் குழியானையும் கைக்கொண்ட வழிகள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

கறையானின் உடல் மென்மையானது; வெயிலும் வறண்ட காற்றும் பட்டால் விரைவில் உலர்ந்து மடியும். வேலைக்காரக் கறையான்களுக்குப் பெரும்பாலும் கண்ணும் இல்லை. ஆயினும் எச்சிலில் மண்ணைக் குழைத்து எழுப்பிய புற்றின் ஈரத்துக்குள் அவை பெருங்கூட்டமாய்ப் பெருகி வாழ்கின்றன. நம்மூர்ப் புற்றுக் கறையான்கள் உள்ளே காளான் தோட்டமே வளர்க்கின்றன. உண்டதை வாயோடு வாய் பகிர்கின்றன. தனித்த கறையானுக்கு வாழ்வில்லை.

குழியானையோ தனியன். மழைச்சாரல் படாத திண்ணையோரப் புழுதியில் பின்னோக்கிச் சுழன்று கூம்புக் குழி பறித்து, அடியில் புதைந்து காத்திருக்கும். சிறுவயதில் துரும்பால் அதைத் தோண்டியெடுத்து விளையாடியவர்கள் இதை வாசிப்போரில் பலர் இருக்கக்கூடும். சரியும் மணலில் கால் வைத்த எறும்பு மேலேற முயன்றால், தலையால் மணலை வாரி எறிந்து வீழ்த்தும். இரை கிட்டாவிடில் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். வளர்ச்சி 2, 3 ஆண்டுகள் வரை நீள்வதும் உண்டு. பிறகு மணல் ஒட்டிய பட்டுக்கூட்டிலிருந்து ஊசித்தட்டானை ஒத்த சிறகுகளோடு வெளிவரும்.

இவற்றைப் பற்றி இத்துணை எண்ணக் காரணம் என் அன்னை. தந்தையார் மறைந்தபின் கிராமத்து வீட்டில் தனியே வாழ்கிறார், வயது 73. வீட்டை விற்று அவரை நகரத்துக்கு அழைத்து வந்துவிட வேண்டுமென்பது அண்ணனின் விருப்பம். "நாலு பேரோடு இருப்பதுதானே பாதுகாப்பு?" என்கிறார். அதில் அன்பும் உண்டு, அச்சமும் உண்டு. அவ்வச்சம் எனக்கும் உண்டு. சென்ற ஐப்பசியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்த அம்மா, பக்கத்து வீட்டார் வந்து தூக்கும்வரை அரைமணி நேரம் அங்கேயே கிடந்தார்.

எனினும் புற்றைப் பரிவின் உருவாகக் காண என்னால் இயலவில்லை. அங்கே நலிந்ததையும் இறந்ததையும் மற்றவை உண்டுவிடுவதுண்டு. குழியானையின் தனிமையையும் தவமென்று போற்ற முடியாது; அருகில் வந்தால் தன்னினத்தையே தின்னக்கூடியது அது. பூச்சிகளிடம் அறம் கற்க இயலாது. இரு வழிகளாலும் பல கோடி ஆண்டுகள் பிழைத்திருக்க முடிந்திருக்கிறது என்பதை மட்டும் அறியலாம்.

இன்னொன்றும் கருதத்தக்கது. நெடுநாள் இரை வீழாத குழியைக் கைவிட்டுக் குழியானை வேறிடம் பெயரும். அதை யாரும் பெயர்த்து வைப்பதில்லை.

அண்ணனிடம் சொன்னேன்: வீட்டை இப்போது விற்க வேண்டாம், கிணற்றடியில் கைப்பிடிக் கம்பி வைப்போம், பக்கத்து வீட்டாரிடம் ஒரு சாவி கொடுப்போம், வாரந்தோறும் ஒருவர் மாற்றி ஒருவர் போவோம், அம்மாவே 'போதும்' என்று சொல்லும் நாளில் அழைத்து வருவோம். அண்ணன் இன்னும் இசையவில்லை. கம்பிக்குக் கொத்தனாரிடம் சொல்லியாயிற்று.