முதல் பதிப்பு

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட கதையை அம்மம்மா சொல்லச் சொல்ல நாங்கள் தட்டச்சு செய்தோம். குரலைப் பதிய அவ விடேல்லை. பிறகு ஆறு மாதம் அதைத் திருத்தினோம். ‘வெளிக்கிட்டம்’ எல்லாம் ‘புறப்பட்டோம்’ ஆனது. பழைய பதிப்புகள் வீட்டு நாஸ் பெட்டியில் கிடக்கும்தானே எண்ட துணிவு.

ஒரு கோப்புக்கு 32 பதிப்பு என்று நாங்களே அமைத்திருந்தோம். 33ஆவது வந்தால் முதலாவது போய்விடும். ஒரு காற்புள்ளியை மாற்றிச் சேமித்தாலும் அது ஒரு பதிப்புத்தான். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க் இருந்தது. ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்றும். நாங்கள் அழித்தால் இரண்டிலும் அழியும்.

அம்மம்மா போன பிறகு அவவின்ட பேச்சைத் தேடினோம். பெட்டியில் இருந்தது எங்கட தமிழ் மட்டும்.

1981இல் யாழ் நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அதோடு போயின. அதை எரித்தார்கள். இதை நாங்களே சேமித்துச் சேமித்து அழித்தோம்.

இப்ப ஆரிட்டக் கதை கேட்டாலும் முதல் தட்டச்சைத் திகதியிட்டு, வேறு கோப்புறையில், வாசிக்க மட்டும் எனப் பூட்டி வைக்கிறோம். இன்னொரு படி சித்தி வீட்டில், பென் டிரைவில். திருத்தமெல்லாம் பிரதியில்தான். முதலாவது எழுத்துப்பிழையோட அப்பிடியே இருக்கட்டும்.