களைப்பறியாத கரம்

சில மாதங்களுக்கு முன் ஒரு விடியற்காலை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் நடந்துகொண்டிருந்த வேளையில், எம் பங்கைச் சேர்ந்த மீனவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். “சாமி, உடனே வாங்க, அப்பாவுக்கு அவஸ்தை பூசணும்” என்று அவருடைய மூத்த மகன் தொலைபேசியில் கதறினான். பரிசுத்த தைலச் சிமிழை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் நான் கண்ட காட்சி எனக்குப் புதிது. அவருடைய முதுகின் கீழே ஒரு பலகை. அதன் இரு பக்கமும் எழும்பி நெஞ்சின் மேல் வளைந்து நிற்கும் ஒரு கருவி. அதன் நடுவிலிருந்த பிஸ்டன் மார்பெலும்பை ஒரே சீராக அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற அவர் மனைவி என் கையைப் பற்றிக்கொண்டு, “மூச்சு விடுறாரு சாமி, நெஞ்சு ஏறி இறங்குது பாருங்க” என்றார். அது அவருடைய மூச்சன்று, இயந்திரத்தின் அசைவு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நின்றுபோன இதயத்தை வெளியிலிருந்தே அழுத்தி இரத்தத்தை ஓடச் செய்யலாம் என்பதை, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கௌவன்ஹோவன் என்ற மின்பொறியாளரும் அவருடன் பணியாற்றிய இருவரும் 1960ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தனர். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் நெஞ்சு அமிழ வேண்டும். எத்தகைய பலசாலியும் இதில் விரைவில் களைத்துப்போவான். ஆதலால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார்கள். இக்குறையைப் போக்க வந்ததே இந்தக் கருவி. சுவீடன் நாட்டில் உருவான ஒன்றின் பெயர் ‘லூகாஸ்’. லுண்ட் பல்கலைக்கழகத்தின் பெயரை முதலாகக் கொண்ட சுருக்கம் அது. எனினும் மருத்துவரான நற்செய்தியாளர் புனித லூக்காவே என் நினைவுக்கு வந்தார்.

ஆயினும் கருவி, கையைவிடச் சிறந்ததா? பிரிட்டனில் 4,471 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், 30 நாள் கடந்து உயிரோடிருந்தவர்கள் கருவிப் பிரிவில் நூற்றுக்கு 6 பேர்; கையால் அழுத்தப்பட்ட பிரிவில் 7 பேர். ஓடும் ஆம்புலன்சில், அல்லது நெடுநேரம் அழுத்த வேண்டிய நிலையில் கருவி பேருதவி செய்கிறது. கன்டெய்னர் லாரிகள் அடைத்து நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலையில், குலுங்கும் வண்டிக்குள் நின்றுகொண்டு ஒருவர் எப்படி ஒழுங்காக அழுத்த முடியும்? ஆனால், முதல் சில நிமிடங்களில் இரத்தம் எட்டாத மூளையைப் பின்னர் எந்தக் கருவியாலும் மீட்பது அரிது.

மருத்துவர் என்னிடம் கேட்ட முதற் கேள்வியும் அதுவே: “விழுந்த இடத்தில் யாராவது நெஞ்சை அழுத்தினார்களா?” இல்லை. தண்ணீர் தெளித்தார்கள், விசிறினார்கள், ஆட்டோவில் தூக்கிப் போட்டார்கள். அவர்களுக்கு அன்பு இல்லாமலில்லை, அறியாமல் இருந்தார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பிரசங்கம் செய்துவரும் நானும் அதை அவர்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

நோயாளி இறந்துவிட்டாரா என்ற ஐயமிருந்தால் நோயில்பூசுதலை வழங்க வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1005ஆம் சட்டம். கருவி இயங்கிக்கொண்டிருக்கையிலேயே அவர் நெற்றியிலும் கைகளிலும் தைலம் பூசினேன்.

நெடுநேரம் கழித்து மருத்துவர் வந்து, இனிப் பயனில்லை, நிறுத்தப்போகிறோம் என்றார். மகன் என்னைப் பார்த்தான். “நிறுத்தினா, நாமே கொன்ன பாவம் ஆகாதா சாமி?”

“ஆகாது மகனே” என்றேன். உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளக் கடமையுண்டு. பயனற்ற, அளவுக்கு மீறிய முயற்சிகளைத் தொடரக் கடமையில்லை. மருத்துவர்கள் எழுப்பிய இத்தகைய கேள்விகளுக்குத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 நவம்பர் 24இல் அளித்த விடையின் கருத்து இதுவே. மருத்துவர் விசையை அமர்த்தினார். அதுவரை நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த ஒலி நின்றது. நாங்கள் செபமாலை தொடங்கினோம்.

அன்று எனக்கு ஒன்று விளங்கிற்று. அக்கருவி களைப்பறியாது, ஆனால் அதனால் தொடங்கவும் இயலாது, முடிக்கவும் இயலாது. தொடங்க வேண்டியது அருகில் நிற்பவரின் கை. முடிக்க வேண்டியது மனிதரின் மனச்சான்று.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப் பின் மருத்துவர் ஒருவரை அழைத்து, பங்கு மண்டபத்தில் பயிற்சி வைத்தோம். ஒருவர் திடீரென விழுந்து, அசைவும் சீரான மூச்சும் இல்லையென்றால், உடனே 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை வலுவாகவும் விரைவாகவும் அழுத்த வேண்டும். தரையில் கிடத்தியிருந்த பொம்மையின் அருகே முதலாவதாக வந்து மண்டியிட்டவன் அந்த மூத்த மகன்.

அன்பர்களே, மண்டியிடுவது நமக்குப் புதிதன்று. விழுந்து கிடக்கும் அயலானின் அருகிலும் மண்டியிடக் கற்போம்.