அரிவரி வகுப்பும் ஆசிரியரும்

இலங்கையில் 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாடசாலைக் கதவு எல்லோர்க்கும் திறந்தது. ஏடு திறந்ததா என்பது வேறு வினா. ஐந்தாந் தரத்தை எட்டியும் ஒரு பந்தியைத் தட்டுத்தடுமாறி வாசிக்கும் பிள்ளைகள் இன்றும் உளர். "அவனுக்குப் படிப்பு ஏறாது" என்று தீர்ப்புரைப்பது எளிது. அத்தீர்ப்பு பெரும்பாலும் பிழையானது.

தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்துக்கள் உள்ளமையே இடர்ப்பாட்டுக்குக் காரணமென்பர். அது பொருந்தாது. 12 உயிரையும் 18 மெய்யையும் உயிர்க்குறிகளையும் அறிந்த பிள்ளைக்கு ஏனையவை பெரும்பாலும் தாமே வந்து சேரும். இடர் வேறிடத்தில் உள்ளது. 'கொ' என்னும் எழுத்தை நோக்குக. கண் முதலிற் காண்பது கொம்பை, அடுத்துக் ககரத்தை, இறுதியில் அரவை. நாவோ ககர மெய்யில் தொடங்கி ஒகரத்தில் முடிக்க வேண்டும். கல், தங்கம், மகன் ஆகிய மூன்றிலும் வருவது ஒரே ககரம், ஒலியோ மூன்று. வளர்ந்தோர்க்கு இவை புலப்படுவதேயில்லை. வீட்டில் 'வந்திட்டார்' என்று கேட்ட பிள்ளை, புத்தகத்தில் 'வந்துவிட்டார்' என்பதைக் கண்டு திகைத்து நிற்பதும் உண்டு.

படத்தைப் பார்த்துப் பாடத்தை ஒப்புவிக்கும் பிள்ளையை வாசிக்கின்ற பிள்ளையென்று ஆசிரியர் மயங்குதல் இயல்பு. படத்தைக் கையால் மறைத்து, நடுவிலுள்ள ஒரு சொல்லைச் சுட்டினால் உண்மை வெளிப்பட்டுவிடும். நன்னூல் எழுத்தியலைத் துறைபோகக் கற்ற கலைப் பட்டதாரிக்கும் இச்சிறு உபாயம் தெரியாதிருத்தல் கூடும். எழுத்தின் பிறப்பைக் கற்றல் வேறு. ஐந்து வயதுப் பிள்ளையின் வாயில் அது பிறவாமைக்குக் காரணம் காணல் வேறு.

மலையகத்தில் தோட்டப் பாடசாலைகளை 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. அதன்பின் 1980களில் நியமனம் பெற்ற இளைஞர் பலர் முதலில் வகுப்பறைக்கு அனுப்பப்பட்டுப் பின்னரே பயிற்சி பெற்றனர். அவர்களைக் குறைகூறல் முறையன்று. இன்று தேசிய கல்வியியற் கல்லூரி மாணவர் ஈராண்டு கற்று ஓராண்டு பாடசாலையிற் பயில்கின்றனர். அவ்வோராண்டில், முதலாந் தரப் பிள்ளையின் அருகமர்ந்து அதன் வாசிப்பைச் செவிமடுத்து, இடறுமிடத்தைக் குறித்துக்கொள்ளும் வேலை பாடக்குறிப்பு எழுதுவதிலும் முதன்மையாதல் வேண்டும்.

பாடசாலைகளிலும் ஒரு வழக்கம் உண்டு. புலமைப்பரிசில் வகுப்புக்குக் கைதேர்ந்தவர், அரிவரிக்குப் புதியவர். முப்பது பிள்ளைகளின் வாசிப்பைத் தனித்தனியே இரண்டு நிமிடம் கேட்க ஒரு மணித்தியாலம் வேண்டும். நாளுக்குப் பத்துப் பேராகப் பிரித்தால் இருபது நிமிடம் போதும். அதிபர் நேரசூசியில் இடங்கொடுத்தால் அடுத்த தவணையிலேயே தொடங்கலாம்.