தொட்டியத்தில் ஒரு திண்ணை

செல்போன் வைத்திருக்கிறவன் எல்லாம் இன்றைக்கு டைரக்டர். நானும் ஆனேன்!

ஸ்ரீரங்கத்தில் வீடு, திருச்சியில் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை தூக்கம் என்று நிம்மதியாக இருந்தவன் நான். மச்சினன் ஒருநாள் என் செல்போனைப் பிடுங்கி நாலு தட்டு தட்டி, "மாமா, உங்க பேர்ல யூடியூப் சேனல் ஆரம்பிச்சாச்சு. ஏதாவது எடுத்துப் போடுங்க" என்றான்.

என்னத்தை எடுக்க? அப்போதுதான் தொட்டியம் மதுரை காளியம்மன் கோயில் பங்குனித் திருவிழா வந்தது. போனேன். அங்கே தேரை வடம் பிடித்து இழுக்கிற வழக்கமே கிடையாது. சுமார் 30 அடி உயரத் தேர்கள் இரண்டு. அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள், சார்! ஒரு ஃபைலை அடுத்த மேஜைக்குத் தூக்கவே பியூனைத் தேடுகிற எனக்கு, மயக்கம் வராத குறை. அந்த அரை மயக்கத்திலேயே ஏழு நிமிஷம் படம் எடுத்து, ஏற்றியும் விட்டேன்.

மறுநாள் பார்த்தால் 212 பேர் பார்த்திருந்தார்கள். கமெண்ட் நாலு.

'பிரதர், கேமரா மேல இருக்கிற விரலை எடுங்க.'

'விரல் சூப்பர். தேர் எங்கே?'

'நான்தான் ஃபர்ஸ்ட் கமெண்ட்!' (இவர் மூன்றாவதாக வந்தவர்.)

நாலாவது மட்டும் வேறு மாதிரி. 'அண்ணா, தேருக்குப் பின்னால ஒரு வேப்பமரம் தெரியுதில்ல? அதுக்கு அடுத்தது எங்க வீடு. நான் ஷார்ஜாவுல இருக்கேன். ஊருக்கு வந்து 5 வருஷம் ஆச்சு. அம்மாகிட்ட பட்டன் போன்தான், குரல் மட்டும் கேக்கலாம். யார்கிட்டயும் போய் போன் கேக்க மாட்டாங்க, சுபாவம் அப்படி. அடுத்த தடவை போனா எங்க திண்ணையை ஒரு நிமிஷம் எடுத்துப் போடுங்கண்ணா. அங்கதான் உக்காந்திருப்பாங்க.'

படித்துவிட்டுச் செல்போனைக் கவிழ்த்து வைத்தேன். ஆனால் தூக்கம் வரவில்லை.

யூடியூபில் ஏறிய முதல் வீடியோ எது தெரியுமோ? 2005 ஏப்ரல் 23-ம் தேதி, அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஜாவேத் கரீம் போட்டது. அமெரிக்காவில் சான் டியாகோ மிருகக்காட்சி சாலையில், யானைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு, 'இதுகளுக்குத் தும்பிக்கை ரொம்ப நீளம்' என்கிற பேருண்மையைச் சொல்கிறார். மொத்தம் 19 விநாடி. தினம் கோயில் யானையிடம் ஆசீர்வாதம் வாங்குகிற ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு இதெல்லாம் ஒரு சேதியா? ஆனால், அடுத்த வருஷமே கூகுள் அந்தக் கம்பெனியை 165 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது!

அமெரிக்கா எதற்கு? பக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டம், சின்ன வீரமங்கலம். சமையல் தெரிந்த பெரியதம்பி தாத்தாவும் பேரன்களும் 2018-ல் வயல்வெளியில் அடுப்பு மூட்டி 'வில்லேஜ் குக்கிங் சேனல்' ஆரம்பித்தார்கள். 2021 ஜனவரியில் ராகுல் காந்தி வந்து, பாயில் உட்கார்ந்து காளான் பிரியாணி சாப்பிட்டார். அதே வருஷம் ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்கள். தமிழில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் சேனல் அதுதான். கையோடு, முதலமைச்சர் நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அவர்கள் வீடியோவுக்குக் கீழே போய்ப் பாருங்கள். தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாதவர்கள் எல்லாம் தாத்தாவை வாழ்த்தியிருப்பார்கள்.

யோசித்துப் பார்த்தால் இந்த கமெண்ட் சமாசாரமும் ஒரு திண்ணைதான். வழிப்போக்கனும் உட்காரலாம், வம்பளப்பவனும் உட்காரலாம். நடுவில் ஒருத்தன் வந்து, "எங்க வீட்டுப் பக்கம் போனீங்களா?" என்று விசாரிப்பான். அவனுக்கு பதில் சொல்லாமல் எப்படி எழுந்து போவது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் பஸ் ஏறினேன். "எங்கே கிளம்பிட்டீங்க?" என்ற மனைவியிடம், "ஷூட்டிங்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பு முசிறி வரை காதில் கேட்டது. வழியில் குணசீலம். மனக்கோளாறு தீர்க்கும் பெருமாள். 'இங்கேயே இறங்கிடேன்' என்று உள்ளே ஒரு குரல். இறங்கவில்லை.

முசிறி தாண்டியதும் இடது கைப்பக்கம் காவிரி, வழி நெடுக வாழைத் தோட்டம். ஸ்ரீநிவாசநல்லூரில் பராந்தக சோழன் காலத்துக் குரங்கநாதர் கோயில். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தச் சிற்பங்களின் முகத்தில் அப்படி ஒரு களை!

தொட்டியத்தில் இறங்கி வேப்பமரத்தைக் கண்டுபிடித்தேன். அடுத்த வீடு. திண்ணை. அந்த அம்மா.

"உங்க பையன் பார்க்கணும்னு சொன்னார்மா" என்றேன்.

"எம் புள்ளையா? இருங்க தம்பி..." என்று உள்ளே ஓடி, தலையை வாரி, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். விரலை ஜாக்கிரதையாக ஒதுக்கிக்கொண்டு செல்போனை நீட்டினேன்.

"நல்லாருக்கியா சாமி? வேளைக்குச் சாப்பிடுறியா?" என்று ஆரம்பித்தவர், பேசப் பேச எங்கேயோ போய்விட்டார். அடித்த காற்றில் குலை தள்ளின வாழை அத்தனையும் சாய்ந்தது... கடன்காரன் வாசலில் வந்து நின்றது... வளையலை அடகு வைத்தது... சட்டென்று நிறுத்தினார்.

"தம்பி, இதெல்லாம் அவனுக்குக் கேட்டுடுமா?"

"கேக்கும்மா."

"ஐயையோ, அழிச்சுடுங்க! அவன் அங்க நிம்மதியா வேலை பாக்கட்டும். நான் நல்லாருக்கேன்னு மட்டும் போடுங்க."

வீடு திரும்பியதும் மச்சினன் முழுசையும் பார்த்தான். "மாமா, கட் பண்ணாம போடுங்க! தலைப்பு, 'கதறி அழுத தாய்'. லட்சம் பேர் பார்ப்பான்" என்றான்.

"அந்தம்மா அழவே இல்லையேடா?"

"பார்க்கிறவன் அழுவான் மாமா!"

பொய் சொல்லக் கூடாது. ஒரு நிமிஷம் எனக்கும் சபலம் தட்டியது. 212 எங்கே, லட்சம் எங்கே! பிறகு அந்த அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. வெட்ட ஆரம்பித்தேன். வாழையை வெட்டினேன். கடன்காரனை வெட்டினேன். அடகை வெட்டினேன். கடைசியில், அவர் சிரித்துக்கொண்டே கையை உயர்த்தி டாட்டா காட்டுகிற இடம் மட்டும் மிஞ்சியது. கணக்குப் பார்த்தால், 19 விநாடி!

ஏற்றினேன். மறுநாள் காலை ஒரே ஒரு கமெண்ட்.

'ரொம்ப நன்றிண்ணா. எத்தனை தடவை பார்த்தேன்னு தெரியலை. அம்மா கையில வளையலைக் காணோமே?'

மூன்று நாளாக பதில் எழுதுகிறேன், அழிக்கிறேன். எழுதுகிறேன், அழிக்கிறேன். நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள், சார்?