பன்னிரண்டு வீட்டு பிஷி

மார்ச் 30, 2025. ஞாயிறு. குடி பாட்வா

எதிர்க் கட்டிடத்தில் பால்கனிக்குப் பால்கனி குடி நிற்கிறது. மூங்கில் கழியில் பட்டுத்துணி, வேப்பங்கொத்து, சர்க்கரை மாலை, உச்சியில் கவிழ்த்த செம்பு. புனே லட்சுமி ரோட்டு நகைக்கடைகளில் காலையிலிருந்தே கூட்டமாம். பத்து கிராம் 90,000 ரூபாய்க்குச் சற்றுக் கூடவே போய்விட்டது. ஆனாலும் பாட்வா அன்று குந்துமணித் தங்கமாவது வாங்காவிட்டால் இங்கே பலருக்கு வருஷம் பிறந்த மாதிரியே இல்லை.

நாங்கள் போகவில்லை. போன ஐப்பசி மழையில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு மாடித்தளம் ஒழுகி, அம்மா பீரோவை நடுக்கூடத்துக்கு நகர்த்தி வைத்திருக்கிறாள். கொத்தனார் சொன்ன தொகை அறுபதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்த ஐப்பசிக்குள் வேலை முடிய வேண்டும்.

இவர் செலவுக் கணக்குக்கு ஒரு ஆப் இறக்கியிருக்கிறார். பெட்ரோல் ஒரு நிறம், ஹோட்டல் ஒரு நிறம். பணம் எங்கே போனது என்று அழகாகச் சொல்கிறது. போகும்போது கையைப் பிடிக்க அதற்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 5, சனி

இந்த மாத பிஷி கீழ்வீட்டு வஹினி (மராத்தியில் அண்ணி) வீட்டில். நம் ஊர்க் குலுக்கல் சீட்டுதான். புனேயில் அனேகமாக எல்லாக் குடியிருப்பிலும் பெண்கள் நடத்துகிறார்கள். எங்களுடையது பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு 5,000. மாதத்தின் முதல் சனிக்கிழமை மத்தியானம் பணத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஜிபே செல்லாது, அது வஹினி போட்ட சட்டம். இன்னொரு சட்டமும் உண்டு: டீ, கூடவே ஒரே ஒரு பண்டம். அதைப் போடாமல் விட்டிருந்தால் போட்டி போட்டு விருந்து வைத்தே பிஷிப் பணம் கரைந்திருக்கும்.

எவர்சில்வர் டப்பாவில் மடித்த சீட்டுகள். தொகை வாங்கியவர் பெயரைக் கிழித்துப் போட்டுவிடுவதால் ஒன்பதுதான் பாக்கி. வஹினியின் பேரன் கையை விட்டு எடுத்தான். எடுத்ததை நானே வாசிப்பேன் என்று அடம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் எங்களுக்கு மூச்சு முட்டிவிட்டது. மூன்றாம் மாடி காகூவின் (மராத்தியில் சித்தி) பெயர். 60,000 ரூபாயை எண்ணிக்கூடப் பார்க்காமல் புடவை மடிப்பில் செருகிக்கொண்டு போஹாவுக்கு எலுமிச்சை பிழியப் போய்விட்டார்.

இவருக்கு இது பிடிபடவில்லை. தபால் ஆபீஸ் ஐந்து வருட ஆர்.டி.க்கு 6.7 சதவீதம் வட்டி இருக்க, வட்டியே இல்லாத இடத்தில் ஏன் போடுகிறாய் என்கிறார். கணக்கு சரிதான். ஆனால் ஆர்.டி.யில் ஒரு மாதம் தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம். ஐந்தாயிரத்துக்கு ஐம்பது ரூபாயைக் கட்டிவிட்டுக் கைவீசிக்கொண்டு வந்துவிடலாம். வஹினி வீட்டுச் சோபாவில் வெறுங்கையோடு போய் உட்கார முடியுமா?

அம்மாவின் கவலை வேறு. "சீட்டா? நம்மூர்ல ராத்திரியோட ராத்திரியா ஓடிப்போனவனை மறந்துட்டியாடி?" என்றாள் போனில். அவள் பயம் நியாயம். 1982-ஆம் வருடச் சட்டப்படி பதிவான சீட்டு என்றால் நடத்துபவர் முன்கூட்டியே ஈடு காட்ட வேண்டும். எங்களுக்கு ஈடு வஹினியின் முகம் ஒன்றுதான். அந்த முகத்தைத் தினமும் லிஃப்ட்டில் பார்க்கிறேன் என்பதால் சேர்ந்தேன். ஆள் தெரியாத பிஷி என்றால் பக்கத்தில் போகமாட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஃபுலே ஜெயந்தி. சாயங்காலம் ஃபுலே மண்டயி சந்தையில் காய்கறி. 1886-இல் ரே மார்க்கெட் என்று திறந்த கட்டிடம். நகராட்சி உறுப்பினராக இருந்த ஜோதிபா ஃபுலே, இதற்குக் கொட்டும் பணத்தை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுங்கள் என்று எதிர்த்தவர். கடைசியில் அவர் பெயரையே இதற்கு வைத்துவிட்டார்கள்.

இருட்டிய பிறகு போனால் வெந்தயக்கீரை பாதி விலைக்கு வரும். பேரத்தில் மிஞ்சிய நாற்பது ரூபாய் வாசலிலேயே கரும்புச்சாறாகிவிட்டது. சிக்கனத்தில் எனக்கு அலுப்புத் தட்டுவது இந்த இடத்தில்தான். மிச்சம் பிடித்த காசுக்குப் போய்ச்சேர ஓர் இடம் இல்லையென்றால் அது அடுத்த கடைக்குப் போய்விடும். வீட்டுக்கு வந்து ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை உறையில் "பிஷி" என்று எழுதி ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

தளேகாவில் இவருடைய நண்பர் வீட்டுக் கிருகப்பிரவேசம். லோனாவ்ளா லோக்கலில் போனோம். 1908-இல் கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கிய ஊர். அந்தாஜி தாமோதர் காளே என்பவர் ஊர் ஊராகப் போய் ஆளுக்கு ஒரு பைசா கேட்டார். பைசா ஃபண்ட் என்றே அதற்குப் பெயர். திலகர் பின்னால் நின்றார். அந்தப் பைசாக்களில் எழுந்ததுதான் தொழிற்சாலை. அங்கே தொழில் கற்றவர்கள் பிறகு நாட்டின் பல கண்ணாடி ஆலைகளுக்குப் போனார்கள். ஒரு பைசா யாருக்கும் பாரமில்லை என்பதை விட, கேட்டு வாங்க ஓர் ஆள் வாசலில் வந்து நின்றார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மே 14, புதன்

குப்பை எடுக்க வரும் அக்கா இன்று பத்து நிமிஷம் தாமதம். சங்கத்துக் கூட்டுறவில் பணம் கட்டிவிட்டு வந்தாராம். புனேயில் குப்பை பொறுக்குபவர்கள் 1993-இல் தொழிற்சங்கம் ஆரம்பித்தார்கள். காகித, கண்ணாடி, உலோகக் கழிவு பொறுக்குவோர் பஞ்சாயத்து என்று பெயர். வீடு வீடாகக் குப்பை வாங்கும் ஸ்வச் கூட்டுறவு அதிலிருந்து பிறந்தது. அவர்களுக்கென்றே தனிக் கடன் சங்கமும் இருக்கிறது. "எந்தச் செலவைக் குறைச்சு கட்டறீங்க?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குறைக்கறதுக்கு என்ன இருக்கு? முதல்ல கட்டிடுவேன், மிச்சத்துல சாப்பிடுவோம்" என்று ஈரக்குப்பை வாளியை வாங்கிக் கவிழ்த்தார். சிக்கனக் குறிப்புகள் எல்லாம் குறைக்க ஏதோ இருப்பவர்களுக்கு எழுதப்பட்டவை.

மே 26, திங்கள்

பருவமழை புனேக்கு வந்துவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். வழக்கமாக ஜூனில் வருவது. ஜன்னல் இடுக்கில் துணி திணித்தேன். மனசு ஸ்ரீவில்லிபுத்தூர் தளத்துக்குப் போய்விட்டது.

ஜூன் 1, ஞாயிறு

மாநகரப் பேருந்துக் கட்டணம் இன்று முதல் உயர்வு. குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாயிலிருந்து 10. நாள் பாஸ் 40-லிருந்து 70. மாதப் பாஸ் 900-லிருந்து 1,500. என் கீரைப் பேரம் ஒரு மாதம் முழுக்கச் சேர்த்தாலும் அந்த அறுநூறுக்கு ஈடாகாது. காபியைக் குறை, வெளியில் சாப்பிடாதே என்று உபதேசம் செய்பவர்கள் வாடகை, பள்ளிக் கட்டணம், பஸ் இவற்றைப் பற்றி வாய் திறப்பதில்லை. கோத்ரூடிலிருந்து சிவாஜிநகர் ஆபீஸுக்கு நடந்தா போக முடியும்? வனாஸிலிருந்து மெட்ரோ இருக்கிறது. சனி, ஞாயிறு 30 சதவீதத் தள்ளுபடியும் உண்டு. என் ஆபீஸோ திங்கள் முதல் வெள்ளி. பாஸ் எடுத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் இந்த மாதம் இல்லை. பிஷி உறையில் மட்டும் கை வைக்கவில்லை.

ஜூன் 7, சனி

பேரன் என் பெயரை எடுத்தான்! தமிழ்ப் பெயர் அவன் வாயில் பாதிதான் நுழைந்தது. நான்தான் முடித்துக் கொடுத்தேன். அறுபதாயிரம் வாங்கிக் கொத்தனாருக்குப் போன் போடும் நினைப்பில் இருந்தேன். அப்போதுதான் முதல் மாடிப் பெண் ஒன்றும் பேசாமல் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. மகளின் காலேஜ் அட்மிஷனுக்கு இந்த மாதமே பணம் கட்ட வேண்டுமாம். அவர் கேட்கவில்லை. வஹினிதான் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

மழை ஊருக்கு வர அக்டோபர் ஆகும். இந்த மாதத் தொகையை அவர் எடுத்துக்கொள்ளட்டும், செப்டம்பரில் என் கையில் கொடுத்துவிடுவதானால் சரி என்றேன். வஹினி நோட்டில் என் பெயருக்கு நேராக மராத்தியில் செப்டம்பர் என்று எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கொத்தனாரிடம் ஆகஸ்டிலேயே முன்பணத்தைப் பற்றிப் பேசி வைக்க வேண்டும். ஆவணி முகூர்த்தம் ஆரம்பித்தால் ஆள் கிடைக்கமாட்டார்.

அடுத்த பிஷி எங்கள் வீட்டில். வெண்பொங்கல் செய்யலாம் என்றிருக்கிறேன். தொட்டுக்கொள்ளும் சட்னி இரண்டாவது பண்டமாகக் கணக்கில் வருமா என்று வஹினியிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.