குடிவழி வருவது விதியன்று

‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்பது நம் முன்னோர் வழக்கு. நிறத்துக்கும் குரலுக்கும் பொருந்தும் அம்மொழியைத் தற்கொலைக்கும் ஏற்றி, ‘அந்தக் குடும்பத்து இரத்தமே அப்படி’ என்பாரைக் கண்டி நகரிலும் அயலிலுள்ள தோட்டங்களிலும் யாம் கண்டிருக்கின்றோம். அதனாற் குலைந்த திருமணப் பேச்சுக்களும் உண்டு.

மேல்வகுப்பு மாணவனொருவன் ஒருநாள் தனித்து வந்து, “ஐயா, என் தந்தையாருக்கு இருமுனை மனநோய். சிற்றப்பா தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டார். எனக்கும் அதுதானா?” என வினவினான். தமிழ் கற்பிக்கும் யாம் மருத்துவரல்லேம். ஆயினும், அறிஞர் எழுதியவற்றை நாடிப் படித்து அவனுக்குக் கூறியதை ஈண்டுத் தருகின்றோம்.

அளவிறந்த எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் அந்நோய் குடிவழி தொடர்வது மெய்யே. எனினும், நோயுற்றவரின் பிள்ளைகளுள்ளும் உடன்பிறந்தாருள்ளும் நூற்றுக்கு ஏறத்தாழ 5 முதல் 10 பேரையே அது பற்றுகின்றது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாழும் ஆமிசு மக்களிடையே நூறாண்டுகளில் நிகழ்ந்த 26 தற்கொலைகளை ஜானிஸ் எக்லண்ட் அம்மையாரும் ஜேம்ஸ் சசெக்சும் ஆராய்ந்து 1985 இல் வெளியிட்டனர். அவற்றுள் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு நான்கே குடும்பங்களில் நிகழ்ந்தவை. ஆனால், அத்தகைய மனநோய் மிகுந்திருந்த வேறு குடும்பங்களில் ஒருவர்தாமும் அவ்வாறு இறந்திலர். நோய் வேறு, அந்நாட்டம் வேறு என்பது இதனாற் பெறப்படும். அந்நாட்டத்துக்கும் தனியொரு பரம்பரையலகு காரணமன்று. பற்பல அலகுகள் ஒவ்வொன்றும் சிறிதளவே பங்குகொள்கின்றன. ஒருவனது குருதியைச் சோதித்து அவன் முடிவை உரைக்கவல்லார் எவருமிலர்.

நம் நாடும் இதற்குச் சான்றாகும். 1995 அளவில் இலங்கையில் ஆண்டுதோறும் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர். கொடிய பீடைநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின், இருபதாண்டுகளில் அத்தொகை ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகச் சுருங்கிற்று. மக்களின் பரம்பரையா மாறிற்று? சூழலன்றோ மாறிற்று! இருமுனை நோயாளருக்கு இலிதியம் என்னும் மருந்தும் அவ்வாறே உயிர்க்காவலாய் அமைகின்றது.

குடும்ப வரலாறு மருத்துவருக்குப் பயன்படும் செய்தி. ஊரார் தூற்றுதற்குரிய பழியன்று. பழிக்கஞ்சி மருத்துவரிடமும் அதனை மறைப்பதே பெருங்கேடு. ஆதலின், பழைய மாணவர்காள், சம்பந்தம் பேசுமிடத்தும் அயலாரோடு அளவளாவுமிடத்தும் அப்பழிச்சொல்லை விலக்குவீராக. மாணவச் செல்வங்காள், மனம் தாங்கவொண்ணாது சோருமாயின் ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ உடனே உரைமின். 1926 என்னும் தேசிய மனநல உதவித் தொலைபேசியும் உங்களுக்காகவே உள்ளது.